தாய் திறவாத கதவு

நற்கருணை ஆசீர் வேளையில் நாம் முழந்தாளிட்டுப் பாடும் பாடல் நம்மில் எல்லாருக்கும் மனப்பாடம். கதிர்ப்பாத்திரம் பீடத்தில் இருக்க, தூபம் எழும்ப, எழுத்தறியாத மூதாட்டியரும் ஒரு சொல் பிசகாமல் அதைப் பாடுவர். அப்பாடலின் இலத்தீன் மூலத்தை 1264-ஆம் ஆண்டில், நற்கருணைப் பெருவிழா நிறுவப்பட்டபோது இயற்றியவர் புனித தோமாஸ் அக்குயினாஸ் என்பது திருச்சபையின் மரபு. வேதபாரகர், தத்துவ மேதை, வானதூதரை ஒத்த அறிஞர் என்றெல்லாம் அவரைப் போற்றுகிறோம். அவர் ஏறத்தாழ 19 வயது இளைஞராக இருந்தபோது, தம்மைப் பெற்ற தாயாரின் ஆணையாலேயே கோட்டைக்குள் அடைத்து வைக்கப்பட்டார் என்பதைப் பலர் அறியார். சனவரி 28-இல் அவருடைய திருநாள் வரும்போது பிரசங்கங்கள் அவருடைய கல்வியைப் பற்றியே அமைகின்றன. குடும்பங்கள் கையில் எடுத்துப் படிக்கும் இந்த ஏட்டிலோ, இம்மாதம் அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசலாமென்று எண்ணுகிறோம்.

உரோமாபுரிக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையே, ஒரு குன்றின் மேல் ரோக்கசேக்கா என்ற கோட்டை இருந்தது. 'வறண்ட பாறை' என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்கே நிற்பவை சிதைந்த மதில்கள்தாம். 1225-ஆம் ஆண்டளவில் தோமாஸ் அங்கே பிறந்தார். தந்தை லந்தூல்ஃபு, பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் ஆட்சியில் அந்த மாநிலத்தின் நீதி அதிகாரியாகப் பணியாற்றியவர். தாய் தெயதோரா, நேப்பிள்ஸ் நகரத்துப் பெருங்குடியில் பிறந்தவர். அக்குயினோ பிரபுக்களின் வழிவந்த குடும்பம் அது. ஆயினும் மூத்த கிளை அன்று. கோமகன் என்ற பட்டம் லந்தூல்ஃபுக்கு இல்லை. அவர் ஒரு படைவீரப் பிரபு மட்டுமே. மானம் பற்றிய கவலை உச்சியில் இருப்போரைக் காட்டிலும் உச்சிக்கு ஒரு படி கீழே இருப்போரையே மிகுதியாக வாட்டும். இதை வாசகர் தம் ஊரிலேயே கண்டிருப்பர்.

கோட்டையிலிருந்து பார்க்கும் தொலைவில் மோந்தே கசீனோ மலை. புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மாபெரும் மடம் அங்கே இருந்தது. அம்மடத்தின் அதிபர் வெறும் துறவியல்லர். ஊர்களுக்கும் நிலங்களுக்கும் தலைவர். பேரரசரும் பாப்பரசரும் மதிக்கும் ஆள். லந்தூல்ஃபு தம் கடைசி மகனை ஐந்து வயதளவில் அந்த மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். பிள்ளை அங்கே வளர்ந்து ஒருநாள் மடாதிபதியாக வேண்டும். குடும்பத்தின் நிலங்களும் மடத்தின் நிலங்களும் பக்கம் பக்கமாக இருக்க, இரண்டு அதிகாரமும் ஒரே இரத்தத்தில் சேர வேண்டும். இதுவே திட்டம். அக்காலத்தில் இது பெருங்குடிகளின் வழக்கம். எவரும் இதைக் குறையாக நினைத்ததில்லை.

1239-இல் பேரரசருக்கும் பாப்பரசருக்கும் மூண்ட போரில் பேரரசரின் படைகள் மடத்தைக் கைப்பற்றித் துறவிகளை வெளியேற்றின. இளைஞர் தோமாஸ் படிப்பைத் தொடர நேப்பிள்ஸ் சென்றார். 1224-இல் பேரரசரே நிறுவிய பல்கலைக்கழகம் அங்கே இருந்தது. அரிஸ்டாட்டிலின் நூல்களை அவர் கற்கத் தொடங்கியது அங்கேதான். சாமிநாதர் சபைத் துறவிகளை அவர் சந்தித்ததும் அங்கேதான். 1244-இன் வசந்தத்தில் அவர்களுடைய வெள்ளை அங்கியையும் கறுப்புப் போர்வையையும் பெற்றுக்கொண்டார்.

அச்சபை அப்போது மிகப் புதியது. 1216-இல்தான் பாப்பரசரின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. அதன் துறவிகளுக்கு நிலமில்லை, வருவாயில்லை. கால்நடையாகச் செல்வர், வீடு வீடாகப் பிச்சை ஏற்று உண்பர், சந்தைகளில் நின்று போதிப்பர். அரண்மனையில் அமர்ந்து தீர்ப்புரைத்தவரின் மகன் பிச்சைப் பையுடன் தெருவில் நிற்பதா? தோமாஸ் துறவியாவதை அந்தக் குடும்பம் எதிர்க்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். துறவுக்கென்றுதானே ஐந்து வயதில் அவரைக் கொடுத்தார்கள்! அவர்கள் பொறுக்க இயலாதது அந்த உடுப்பு. ஆசீர்வாதப்பரின் அங்கி குடும்பத்தை உயர்த்தும். சாமிநாதரின் அங்கி குடும்பத்தைத் தாழ்த்தும். கடவுளுக்குப் பிள்ளையைக் கொடுப்பதில் தடையில்லை, கொடுப்பது நான்கு பேர் மெச்சும்படி இருந்தால்.

லந்தூல்ஃபு 1243-இன் இறுதியில் இறந்துவிட்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே குடும்பத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பு கைம்பெண் தெயதோராவின் தோளில் விழுந்தது. செய்தி கேட்டதும் அவர் நேப்பிள்ஸ் விரைந்தார். எந்த எண்ணத்தோடு விரைந்தார் என்பதில் பழைய நூல்கள் ஒன்றுபடவில்லை. மகனை மீட்கச் சென்றார் என்பது பொதுவான கருத்து. புனிதரின் வரலாற்றை எழுதியவரும், அவரைக் கடைசி ஆண்டுகளில் நேரில் கண்டவருமான தோக்கோ ஊர் வில்லியம், தாயார் மகிழ்ச்சியோடுதான் சென்றார் என்று எழுதுகிறார். எப்படியிருந்தாலும், அவர் மடத்து வாசலை அடைந்தபோது மகன் அங்கே இல்லை. குடும்பத்துக்கு அஞ்சிய துறவிகள் அவரை உரோமைக்கு அனுப்பிவிட்டிருந்தனர். தாயார் உரோமைக்குச் சென்றார். அங்கிருந்தும் அவரை அனுப்பிவிட்டிருந்தனர்; சபைத் தலைவரோடு வடக்கே பொலோஞ்ஞா நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

துறவிகள் செய்தது முன்னெச்சரிக்கை என்று நாம் சொல்லலாம். ஆனால் அந்த வாசலில் நின்ற தாயின் இடத்தில் நின்று பார்த்தால் அது வேறாகத் தோன்றும். கணவனை இழந்து சில மாதங்களே ஆகியிருக்கின்றன. பெற்ற மகனை ஒருமுறை பார்ப்பதற்கு அயலாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த அனுமதியும் கிடைக்கவில்லை. ஒரு முறையன்று, இரு முறை. மகன் பிச்சைக்காரனானது ஒரு புண். தாயைப் பொருட்படுத்தாமல் அவனை ஒளித்தது அந்தப் புண்ணில் வைத்த நெருப்பு.

பிற்காலத்தில் தோமாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் கோபத்தைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். மனிதர் பல காரணங்களால் சினங்கொள்வதாகத் தோன்றினாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே என்கிறார்: நம்மை ஒருவர் சிறிதாக மதித்துவிட்டார் என்ற எண்ணம். அரிஸ்டாட்டிலிடமிருந்து பெற்ற கருத்துத்தான் இது. ஆயினும் இதை எழுதியபோது அவருடைய நினைவில் தம் தாயாரின் முகம் வந்திருக்காதா?

தெயதோரா உரோமையிலிருந்து தம் மூத்த மக்களுக்கு ஆளனுப்பினார். அவர்கள் பேரரசரின் படையில் இருந்தனர். படை அப்போது தோஸ்கானா பக்கத்தில் தங்கியிருந்தது. அக்வாபெந்தேந்தே என்ற ஊரின் அருகே, வழியில் துறவிகள் களைப்பாறிக்கொண்டிருந்த இடத்தில், ரெயினால்டு என்ற தமையனும் அவருடைய ஆட்களும் தம்பியைப் பிடித்தனர். அங்கியைக் கழற்ற முயன்றனர். அவர் அதை இறுகப் பற்றிக்கொண்டு விடவில்லை. எனவே அங்கியோடேயே குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதலில் மோந்தே சான் ஜொவான்னி என்ற குடும்பக் கோட்டை, பிறகு ரோக்கசேக்கா. பிறந்த வீடே சிறையாயிற்று.

ஓராண்டுக்கு மேலாக அவர் அங்கே இருந்தார் என்பது ஆய்வாளர் கணக்கு. நிலவறைச் சங்கிலி போன்ற கொடுமைகளை வாசகர் கற்பனை செய்ய வேண்டாம். அவருக்கு உணவு கிடைத்தது, நூல்கள் கிடைத்தன. வேதாகமத்தை முழுமையாக வாசித்தார். பேதுரு லொம்பார்துவின் 'வாக்கியங்கள்' என்ற இறையியல் பாடநூலைக் கற்றார். நேப்பிள்ஸ் மடத்திலிருந்து சான் ஜூலியானோ ஊர் யோவான் என்ற துறவி அவ்வப்போது வந்து பார்ப்பார். தமையன்மார் அங்கியைக் கிழித்துவிட்டதால், அவர் தம் உடல்மேல் இரண்டு அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு வந்து, ஒன்றை இவரிடம் விட்டுச் செல்வாராம். கோட்டைக் காவலர் கண்ணில் இது படாமலா இருந்திருக்கும்? தாயார் அறியாமலா நடந்திருக்கும்? ஒரு கையால் அடைத்துக்கொண்டே மறு கையால் ஏதோ ஒரு வழியை அந்த வீடு திறந்துவைத்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

சகோதரியரை அனுப்பிப் பேசச் சொன்னார்கள். இது எந்த வீட்டிலும் நடப்பதுதானே! தாயின் சொல்லுக்கு இணங்காத பிள்ளை அக்காளின் கண்ணீருக்கு இணங்கக்கூடும். அவர்கள் பேசினார்கள், அவரும் பேசினார். முடிவில் மரோத்தா என்ற சகோதரி தாமே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். பின்னாளில் காப்புவா நகரில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் தலைவியானார். ஒரு பிள்ளையைத் திருப்பப் போய் இன்னொரு பிள்ளையையும் மடத்துக்குக் கொடுத்த தாயாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எனினும் மரோத்தா தேர்ந்த மடம் குடும்பத்துக்கு உகந்த மடம்; அதை எவரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை ஓவியர்கள் பலர் வரைந்திருக்கிறார்கள். தமையன்மார் அவருடைய கற்பைக் குலைக்க ஒரு பெண்ணை அறைக்குள் அனுப்பினர். அவர் அடுப்பிலிருந்து எரியும் கொள்ளியை எடுத்து அவளைத் துரத்தினார். பிறகு துயிலில் வானதூதர் இருவர் வந்து அவர் இடையில் கற்பின் கச்சையைக் கட்டினர் என்பது கதை. ஓவியங்களில் கொள்ளியும் கச்சையும் முன்னே நிற்கின்றன. நம் கருத்தைக் கவர்வது வேறு. இதைச் செய்தவர் யாவர்? குடும்பத்தின் மானத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள்! தம்பி பிச்சை எடுப்பது குலத்துக்கு இழுக்கு என்றவர்கள், தாயும் சகோதரியரும் வாழும் வீட்டுக்குள்ளேயே இத்தகைய இழிசெயலுக்கு வழி செய்தனர். பெயரைத் தெரிவிக்காமல் வரலாறு விட்டுவிட்ட அந்த ஏழைப் பெண்ணின் மானம் எவருடைய கணக்கிலும் வரவில்லை. மானம் என்ற சொல்லை உரக்கச் சொல்லும் இடங்களில் இப்படி நேர்வது அந்தக் கோட்டையோடு முடிந்துவிட்ட ஒன்றா?

மானத்தைப் பற்றியும் தோமாஸ் பின்னர் எழுதியிருக்கிறார். மதிப்பு என்பது மதிக்கப்படுபவரிடம் இருப்பதன்று, மதிப்பவரிடம் இருப்பது என்கிறார். அதாவது நம் மானம் நம் கையில் இல்லை. பிறர் கையில் இருக்கிறது. அவர்கள் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஆனால் அவர் அதை வெறும் பொய்யென்று ஒதுக்கவும் இல்லை. புறத்தே மனிதர்க்குக் கிடைக்கும் நன்மைகளுள் அதுவே உயர்ந்தது என்றும் ஏற்கிறார். பொன்னையும் நிலத்தையும்விட மதிப்பு உயர்ந்தது. எனினும் மனிதரின் பேரின்பம் அதில் இல்லை. தம் குடும்பத்தின் நோயை உள்ளிருந்து அறிந்தவரின் நிதானம் இதில் தெரிகிறது.

மாதங்கள் கடந்தன. அவர் மாறவில்லை. வெளியே அரசியல் மாறிக்கொண்டிருந்தது. பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட் 1245 சூலையில் லியோன் சங்கத்தில் பேரரசர் பிரெடரிக்கைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். பேரரசரின் நிழலில் நின்ற குடும்பங்களெல்லாம் கலங்கின. இந்நிலையில் துறவி ஒருவரைச் சிறைவைத்திருப்பது குடும்பத்துக்கு நன்மையன்று என்பதைத் தெயதோரா உணர்ந்திருக்கலாம். ஆனால் அதற்காகக் கதவைத் திறந்துவிட முடியுமா? திறந்தால், ஓராண்டுக் காலம் தாம் செய்தது தவறு என்று ஊரறிய ஒப்புக்கொள்வதாகும். பிச்சைக்காரத் துறவிகளிடம் அக்குயினோ குடும்பம் தோற்றது என்று பேச்சாகும். மனம் இளகிவிட்டது, முகம் இளக மறுத்தது.

ஆகவே, மரபு சொல்லும் செய்தி இது: ஓர் இரவில் சன்னலுக்கு வெளியே ஒரு கயிறு தொங்கியது. காவல் அந்த வேளையில் கண்ணயர்ந்திருந்தது. கீழே சாமிநாதர் சபைத் துறவிகள் காத்திருந்தனர். தோமாஸ் இறங்கிப் போய்விட்டார். இவ்வளவும் தாயாரின் இசைவோடு நடந்தது. தமஸ்கு நகர மதிலில் புனித சின்னப்பரைக் கூடையில் வைத்து இறக்கியதையும், தாவீதை மிக்கால் சன்னல் வழியே இறக்கிவிட்டதையும் வேதாகமத்தில் படிக்கிறோம். அவர்களை இறக்கியவர்கள் பகைவருக்கு அஞ்சி அப்படிச் செய்தார்கள். ரோக்கசேக்காவில் அந்தத் தாய் அஞ்சியது ஊராரின் நாவுக்கு. மறுநாள் காலையில் 'மகன் தப்பி ஓடிவிட்டான்' என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். 'நான் அனுப்பினேன்' என்று சொல்ல வேண்டியதில்லை.

கயிறு, சன்னல் எல்லாம் பின்னர் சேர்த்த அலங்காரம், குடும்பத்தார் சலித்துப்போய் விட்டுவிட்டனர் என்று கருதும் ஆய்வாளரும் உள்ளனர். அப்படியும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு பிணங்கிய குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்தச் சன்னல் நம்பத்தக்கதாகவே தோன்றும். வாசற்படியில் 'இனி இங்கே வராதே' என்று கத்திய தந்தை, பின்கட்டு வழியாக மனைவி மகளுக்கு அரிசி கொடுத்தனுப்புவதைக் கண்டும் காணாமல் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பதில்லையா? அந்தத் தாய் முழுமையாக வென்றாரென்றும் சொல்ல முடியாது, அன்பில் தோற்றாரென்றும் சொல்ல முடியாது. தம் வாயால் ஒரு நல்ல சொல் சொல்லி வழியனுப்பும் வாய்ப்பை மட்டும் இழந்தார். பெற்றோர் பலர் அப்படித்தான் இழக்கின்றனர்.

தோமாஸ் செய்தது நான்காம் கட்டளைக்கு மாறானதன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். பிதாவையும் மாதாவையும் சங்கித்திருக்கச் சொல்லும் கட்டளையை அவர் எளிதாக எண்ணவில்லை. பெற்றோர் வறுமையுற்று, பிள்ளையின் உதவியின்றி வாழ இயலாத நிலையில் இருந்தால், அவர்களை விட்டுவிட்டு மடத்தில் சேர்வது முறையன்று என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அதே கையால், திருமணம் செய்வதோ கன்னிமை காப்பதோ ஆகிய வாழ்வு நிலையைத் தேர்வதில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவரல்லர் என்றும் எழுதினார். பெற்றோரின் பசி பிள்ளையைக் கட்டுப்படுத்தும். பெற்றோரின் பெருமை கட்டுப்படுத்தாது. இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு, மறுபாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. திருமணத்தையும் கன்னிமையையும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார் என்பதைப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டுகிறோம்.

குடும்பம் பிறகு என்னவாயிற்று? தம்பியைப் பிடித்துச் சென்ற ரெயினால்டு பின்னர் பேரரசரை விட்டுப் பாப்பரசரின் பக்கம் சேர்ந்தார். 1246-இல் பேரரசரின் ஆணையால் கொல்லப்பட்டார். அவருடைய ஆன்மா எங்கே இருக்கிறது என்ற கவலை தோமாசுக்கு இருந்தது. இறந்துபோன சகோதரி மரோத்தா காட்சியில் தோன்றியபோது, 'நம் தமையன்மார் எங்கே?' என்று அவர் கேட்டதாகவும், ரெயினால்டு மோட்சத்தில் இருப்பதாக அவர் மறுமொழி சொன்னதாகவும் வில்லியம் எழுதியிருக்கிறார். அங்கியைக் கிழித்த கையை அவர் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. 1272-இல் மற்றொரு சகோதரியின் கணவர் இறந்தபோது, அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பை இந்தப் பிச்சைக்காரத் துறவியே ஏற்று, கடன்களையும் சொத்துகளையும் ஒழுங்கு செய்தார். குடும்பத்துக்கு இழுக்கென்று கருதப்பட்டவரிடமே குடும்பத்தின் பத்திரங்கள் வந்து சேர்ந்தன.

1274-இன் தொடக்கத்தில் லியோன் நகரத்துப் பொதுச்சங்கத்துக்குப் புறப்பட்ட தோமாஸ், வழியில் நோயுற்று, தம் சகோதரர் வழி மகளான பிராஞ்செஸ்கா வாழ்ந்த மாயென்சா கோட்டையில் தங்கினார். உணவு செல்லவில்லை. பாரீசில் உண்ட ஹெர்ரிங் மீன் கிடைத்தால் உண்ணலாம் என்றாராம். அந்தப் பக்கத்துக் கடலில் கிடைக்காத மீன் அது. ஆனால் அன்று வந்த மீன்காரனின் சாளைக் கூடைகளில் ஒன்றைத் திறந்தால் உள்ளே அதே மீன் இருந்ததாம். கோட்டையில் எல்லாரும் அவரைத் தாங்கினர். அடைத்து வைக்க எவருமில்லை. இருக்கும்படி மன்றாடத்தான் ஆட்கள் இருந்தனர். ஆனால் ஆண்டவர் தம்மைத் தேடி வரும்போது தாம் உறவினர் மாளிகையில் இராமல் துறவிகளின் வீட்டில் இருப்பதே தகும் என்று சொல்லி, அருகிலிருந்த பொஸ்ஸனோவா மடத்துக்குத் தம்மைக் கொண்டுபோகச் செய்தார். இம்முறை கோட்டையின் வாயிற்கதவு வழியாகவே சென்றார்.

மார்ச்சு 7-ஆம் நாள் அம்மடத்தில் உயிர் நீத்தார். செய்தி கேட்டுப் பிராஞ்செஸ்கா விரைந்து வந்தார். பெண்கள் மடத்துக்குள் நுழையலாகாது என்பது விதி. அவர் வாசலிலேயே நின்றார். துறவிகள் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலைத் திறந்து, அவர் கண்முன் இறக்கி வைத்தனர்.